தும்மற் பருவம்

(ஏலகிரி மலையில் கூடிய நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில், மாசித் திங்களில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நிர்வாகிகள் என்னை இலக்கியம் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். ஆண்டுதோறும் அங்ஙனமே பேசி வந்துள்ளேன். இவ்வாண்டு மூக்கைப் பற்றிப் பேச அனுமதி வேண்டுமென்று யான் கேட்டபொழுது, காரியதரிசி அவர்கள் சிறிது நேரம் என்னை உற்று நோக்கினார்கள். பின்னர், "பண்டிதர் ஏதோ கருத்தோடுதான் கேட்கிறார்" என்று இசைந்தார்கள். அவர்கட்கு என் நன்றி உரியது.

இன்று காலை பொன்னேரி அடிவாரத்தினின்று நாம் மலையேறி வந்தோம். இச்சாலையின் 14 கொண்டையூசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் ஆகியோரின் பெயர்கள் இடப்பட்டிருத்தலை நீவிர் அறிவீர். அவற்றுள் ஒரு வளைவில் தொடங்கிய என் தும்மல் மேலும் ஐந்து வளைவுகள் கடந்தும் நிற்கவில்லை. வண்டியிலிருந்த பெரியவர் ஒருவர், "மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை, பண்டிதருக்குச் சளி பிடித்துவிட்டது" என்று இரங்கினார். மற்றொருவர், "யாரோ நினைக்கிறார்கள்" என்றார். பின்னவர் கூற்றுக்கு இலக்கிய ஆதாரம் உண்டு. திருவள்ளுவரே தும்மலைக் காதலர்தம் ஊடலுக்கு ஒரு கருவியாக அமைத்துள்ளார். எனினும் ஒரு காலைப்பொழுதில் முப்பது முறை தும்முகின்ற ஒருவனை நினைத்துக்கொண்டிருப்போர் கடன் கொடுத்தவரன்றி வேறு யாவர்? அது நிற்க. அது சளியும் அன்று, நினைப்பும் அன்று என்பதை விளக்கவே இன்று உங்கள் முன் நிற்கின்றேன். சளியென்று கருதி ஏமாந்தமையால் என் கண்முன் ஒரு பிள்ளைக்கு நேர்ந்த துன்பத்தையும், அதில் என் பங்கையும் மறையாது கூறுவேன்.

முதற்கண் சளிக்கும் இதற்குமுள்ள வேற்றுமையை அறிதல் வேண்டும். சளியென்பது கிருமியால் வருவது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும். உடம்புவலியும் சிலர்க்குக் காய்ச்சலும் காணும். மூக்கில் நீராக ஒழுகுவது இரண்டொரு நாளில் தடிப்புறும். ஏழு அல்லது பத்து நாட்களில் தானே விலகும். யான் கூற வந்த நோயோ அத்தன்மைத்தன்று. காய்ச்சல் இராது. மூக்கினின்று தெளிந்த நீர் ஒழுகும். மூக்கு, கண், மேலண்ணம், சிலர்க்குக் காதின் உட்புறமும் அரிக்கும். தும்மல் ஒன்று இரண்டென வாராது, சரஞ்சரமாக வரும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் வந்து வாரக்கணக்கில் நீடிக்கும். உங்கள் இல்லத்தில் ஒரு குழந்தைக்கு ஒவ்வொரு மாசியிலும் சளி பிடிக்குமாயின், அது சளியன்று என்று ஐயுறத் தொடங்குக. இதனை ஒவ்வாமை என்பர். மருந்துக்கடை மொழியில் அலர்ஜி.

மேல்நாட்டார் இதற்கு 'ஹே ஃபீவர்', அதாவது வைக்கோற் காய்ச்சல், என்று பெயரிட்டனர். பெயரின் இரு பகுதிகளும் பொருந்தாதன. வைக்கோல் இதற்குக் காரணமன்று; காய்ச்சலோ இதில் இல்லை. 1819ஆம் ஆண்டில் ஜான் பாஸ்டக் என்னும் ஆங்கில வைத்தியர், இலண்டன் மாநகரில் வைத்தியர் அவையொன்றில் ஒரு நோயாளியின் வரலாற்றைப் படித்தார். எட்டாம் வயது முதல் ஒவ்வோராண்டும் கோடைத் தொடக்கத்தில் கண் சிவந்து, தும்மி, மூச்சு முட்டித் துன்புற்ற அந்நோயாளி வேறு யாருமல்லர், அவரே. தம் நோயைத் தாமே அவையேற்றிய அவருடைய துணிவு என்னைக் கவர்ந்தது. ஆயினும் காரணம் வெயிலென்றே அவர் எண்ணினார்.

உண்மைக் காரணத்தைக் கண்டவர் மான்செஸ்டர் நகரத்துச் சார்லஸ் பிளாக்லி. இவரும் வைத்தியர், இவரும் இந்நோயினரே. புல்லின் பூந்துகளைத் தம் மூக்கிலும் கண்ணிலும் இட்டும், தோலைக் கீறி அதன்மேல் தடவியும் சோதனை செய்தார். பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றாடியிற் கட்டி வானில் பறக்கவிட்டு, மிக உயரத்திலும் பூந்துகள் மிதத்தலைக் கண்டார். 1873இல் இவற்றையெல்லாம் நூலாக வெளியிட்டார். இன்று பெரிய மருத்துவமனைகளில் முன்கையில் மருந்துத் துளிகளை இட்டு ஊசிமுனையால் மெல்லக் குத்திப் பார்க்கின்றார்களே, அச்சோதனைக்கு மூலம் அவர் தோலில் இட்ட கீறலே.

நம் உடம்பினுள் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் காவற்படை ஒன்றுண்டு. சிலருடைய காவற்படை தீங்கற்ற பூந்துகளைப் பகையென்று பிழைபட உணர்கின்றது. உணர்ந்தவுடன் 'ஹிஸ்டமின்' முதலிய பொருள்களை வெளியிடுகின்றது. அவற்றால் மூக்கின் உட்தோல் வீங்குகிறது, நீர் சுரக்கிறது, அரிக்கிறது. ஆகவே நம்மை வருத்துவது பூந்துகள் அன்று. அதனைக் கண்டு நம் காவலர் செய்யும் ஆரவாரமே. 'அலர்ஜி' என்னும் சொல்லை 1906இல் வியன்னா நகரத்து வைத்தியர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே படைத்தார். இந்த ஆரவாரத்தைத் தூண்டும் புரதம் யாதென்று 1960களில்தான் அறிந்தனர், அதற்கு ஐ.ஜி.ஈ. என்று பெயர்.

இனி, எந்தப் பூ? இதில் நம்மவர் பெரிதும் பிழைபடுகின்றனர். தை, மாசியில் மாமரம் பூத்து மணம் வீசுகின்றது, அப்பொழுது மூக்கொழுகுகின்றது, ஆகவே மாம்பூவே காரணமென்று பழி சுமத்துகின்றனர். பின்னர்ப் புன்கு பூக்கும், அதன்மேலும் பழி. யான் அறிந்த ஒருவர் முற்றத்து மாமரத்தை வெட்டியே விட்டார். தும்மல் போகவில்லை; நிழல்தான் போயிற்று.

நிறமும் மணமும் தேனும் உடைய பூக்கள் வண்டையும் தேனீயையும் அழைத்துத் தம் தாதை அவற்றின்மேல் ஏற்றி அனுப்புவன. அத்தாது கனமுடையது, ஒட்டுந் தன்மையது. பெரும்பாலும் மரத்தடியிலேயே விழும். காற்றை நம்பி வாழும் செடிகளோ நிறமும் மணமும் இல்லாத பூக்களையுடையன. அவை வண்டை அழைக்க வேண்டுவதில்லை; ஆதலின் நுண்ணிய தாதைக் கணக்கின்றிக் காற்றில் இறைக்கின்றன. நம் மூக்கில் புகுவதும் பெரும்பாலும் இதுவே. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிக் கூறினார் என்று மாணாக்கர்க்குப் பெருமையாகச் சொல்வோம். மகளிர் பறித்துப் பாறையிற் குவித்த அழகிய மலர்கள் அவை. தும்ம வைக்கும் பூக்களை ஒருவரும் பறிப்பதில்லை; அவற்றைப் பூவென்று கருதுவதும் இல்லை.

நம் வட்டாரத்தில் அவை யாவை? அறுகு முதலிய புற்கள். பிள்ளையார்க்குச் சாத்தும் அறுகே பூத்துத் தாது சிந்துங்கால் பலரைத் தும்ம வைக்கும். ஆமணக்கு. பாலாற்று மணலெல்லாம் வளர்ந்து நிற்கும் சீமைக்கருவேலம். 1877இல் கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்ட அம்மரம் இன்று நாடெங்கும் பரவிவிட்டது. தேனீ நாடுகின்ற மரமேயாயினும் அதன் தாது காற்றிலும் மிகுதியாகப் பறக்கக் கண்டிருக்கின்றனர். இவற்றினும் கொடியது பார்த்தீனியம்.

பார்த்தீனியம் அமெரிக்க நாடுகளின் வெப்பப் பகுதிக்கு உரியது. 1955ஐ ஒட்டிய ஆண்டுகளில் பூனா நகரத்தில் முதலில் கவனிக்கப்பட்டது. கேரட்டு இலை போன்ற இலையும், சிறு வெண்பூக்களும் உடையது. ஒரு செடி பல்லாயிரம் விதைகளைச் சிந்தும். சிறிது ஈரம் கிடைத்தால் எந்த மாதத்திலும் முளைக்கும். தொட்டாரிற் சிலர்க்குத் தோல் தடித்துப் புண்ணாகும். இதன் தாது மூக்கில் புகுந்து தும்மலை விளைக்கும் என்பதைப் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்து ஆய்வாளர் பல ஆண்டு ஆராய்ந்து, 1991இல் விரிவாக வெளியிட்டனர். பெங்களூர் நமக்கு அயலூர் அன்று. ஜோலார்பேட்டையினின்று இரயிலில் இரண்டு மூன்று மணி நேரத் தொலைவே. அங்குள்ள செடி இங்கும் உளது. நம் இருப்புப்பாதை ஓரத்திலும், வீடு கட்டாது விட்ட மனைகளிலும், பள்ளிக்கூட மதிற்புறத்திலும் உளது. இச்செடியைத் தின்னும் மெக்சிகோ நாட்டு வண்டினை 1984இல் பெங்களூரில் விட்டனர். அது மழைக்காலத்தில் ஓரளவு தின்கின்றது. வேனிலில் மண்ணுக்குள் உறங்கிவிடுகின்றது. எஞ்சிய பணி நம்முடையது.

பள்ளிக்கூட மதிற்புறம் என்றேன். அதனைப் பற்றியே இனிக் கூற வேண்டும்.

பதினோராண்டுகட்கு முன்னர் யான் பத்தாம் வகுப்பிற்குத் தமிழ் கற்பித்த பொழுது ஒரு மாணாக்கன் இருந்தான். பெயரும் ஊரும் வேண்டா. கார்த்திகை வரையில் நன்றாகப் படித்து வந்தவன், மாசி பிறந்ததும் வகுப்பில் உறங்கத் தொடங்கினான். யான் பேசுங்கால் உள்ளங்கையால் மூக்கின் நுனியை மேல்நோக்கித் தேய்ப்பான். இப்பொழுது அறிவேன், வைத்தியர் அச்செய்கையை 'ஒவ்வாமை வணக்கம்' என்று வேடிக்கையாகக் கூறுவர். அரிப்பைத் தணிக்கவும் மூச்சுவழியைத் திறக்கவும் குழந்தைகள் தம்மையறியாது அங்ஙனம் செய்வர். நாளடைவில் மூக்கின் குறுக்கே ஒரு கோடும் விழும். அன்று யான் அதனை எனக்குச் செய்த அவமதிப்பாகக் கொண்டேன்.

ஒருநாள் அவனைச் செய்யுள் ஒப்புவிக்கச் சொன்னேன். ஒப்புவித்தான். ஆனால் மகரமெல்லாம் பகரமாயின, நகரமெல்லாம் தகரமாயின. வகுப்பு நகைத்தது. "மெல்லினம் வல்லினமான விகாரத்தை இன்றுதான் கேட்டோம்" என்று கூறி யானும் நகைத்தேன். மெல்லினத்திற்கு மூக்கே பிறப்பிடம் என்று நன்னூல் கூறுவதை அவனுக்குக் கற்பித்தவன் யானே. அவன் மூக்கு அடைபட்டிருந்ததை உணராதவனும் யானே.

மறுநாளும் உறங்கினான். வெளியே நிறுத்தினேன். தாழ்வாரத்தின் ஓரம், மதிற்புறத்தை நோக்கிய இடம். அங்கே இடுப்புயரம் பார்த்தீனியம் பூத்து நின்றது. அவன் தும்மும் ஒலி வகுப்பினுள் கேட்டுக்கொண்டே இருந்தது. என் பாடத்தைக் கெடுக்கவே செய்கின்றான் என்றெண்ணி, அடுத்த பாடவேளை முடியுமட்டும் நிற்குமாறு பணித்தேன். இங்ஙனம் நான்கைந்து நாட்கள்.

பங்குனியில் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருக்கையில் ஓரிரவு அவனுக்கு இரைப்புக் கண்டு, மூச்சு வாங்க இயலாது, மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றனர். பிழைத்தான். மறுநாள் தேர்வு எழுதவில்லை. எழுதாது விட்டது கணக்குப் பாடம். ஆனித் துணைத்தேர்வில் எழுதித் தேறினான்.

யான் அவன் இல்லத்திற்குச் சென்றேன். அவன் தாயார் உரைத்ததிலிருந்து அறிந்தது இது. மூக்கொழுக்குக்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைக் காலையும் இரவும் அவனுக்குக் கொடுத்து வந்தனர். அஃது உறக்கம் தரும் பழைய வகை மாத்திரை. இரவெல்லாம் மூக்கடைப்பால் உறக்கமின்மை. பகலெல்லாம் மாத்திரையால் உறக்கம். இதனைத்தான் யான் சோம்பல் என்றேன். அவனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சொல் வருமுன் தும்மல் வந்தது, ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு. அவ்வம்மையார் என்னை இரக்கத்தோடு பார்த்து, "ஐயாவுக்கும் இதேதானா?" என்றார்கள்.

ஆம், எனக்கும் இதேதான். இருபது ஆண்டு அதனைச் 'சளித்தேகம்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவ்வாரமே வைத்தியரிடம் சென்றேன்.

மூக்கும் நுரையீரலும் ஒரே வழியின் இரு முனைகள். மூக்கில் ஒவ்வாமை உடையோரிற் பலர்க்கு ஈளை இரைப்பும் உடனுறையும். அல்லது பின்னர் வரும். 1999இல் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு கூடிய வல்லுநர் குழு இவ்விரண்டையும் சேர்த்தே நோக்க வேண்டுமென்று வற்புறுத்தியது. ஆகவே 'தும்மல்தானே' என்று விடுதல் ஆகாது. இரவில் இருமல், ஓடினால் நெஞ்சு இறுக்கம், மூச்சில் சீழ்க்கையொலி, இவற்றுள் ஒன்றேனும் காணின் வைத்தியரிடம் காட்டுக. பேச முடியாது மூச்சு வாங்கினும் உதடு நீலம் பாரித்தாலும் விடியும்வரை காத்திராது உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க.

இனி, செய்யத்தக்கன. யான் முதலில் செய்தது, சுவரிலுள்ள நாட்காட்டியில் தும்மிய நாட்களைக் குறித்து வந்தது. மூன்றாண்டுக் குறிப்பைப் பார்த்தபொழுது, தைக் கடைசி தொடங்கிப் பங்குனி முடிய ஒரு பருவமும், ஐப்பசி கார்த்திகையில் மழைக்குப்பின் புற்கள் பூக்குங்கால் ஒரு சிறு பருவமும் எனக்குண்டு என்று தெரிந்தது. மேல்நாட்டு நூல்கள் இளவேனிலையே கூறும். நம் நாட்டில் பருவம் வேறு. சிலர்க்கு ஆண்டு முழுதும் இருக்கும். அவர்கட்குப் பெரும்பாலும் படுக்கைத் தூசியில் வாழும் கண்ணுக்குப் புலனாகாச் சிற்றுயிரே காரணம். தலையணை உறைகளையும் போர்வைகளையும் வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துதல் அவர்க்கு நலந்தரும். தாது ஒவ்வாதார் மட்டும் தம் துணிகளைப் பூக்காலத்தில் வீட்டினுள் உலர்த்துக.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கங்களில் தோல் பதனிடும் இடங்களிலும் செருப்பு, ஷூ செய்யும் தொழிற்சாலைகளிலும் பணிபுரியும் அன்பர்கள் நம்மிற் பலர் உளர். அவர்கள் ஒன்று கவனிக்க. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறையிலும் தணிந்து, பணிக்குச் சென்றவுடன் மிகும் தும்மலும் இரைப்பும் பூவினால் வருவன ஆகா. தோலைத் தேய்க்குங்கால் எழும் தூசியோ, பசையின் ஆவியோ, வேறு இரசாயனமோ காரணமாகலாம். வைத்தியரிடம் செல்லுங்கால் தம் தொழில் இன்னதென்றும் எந்தப் பிரிவில் நிற்கின்றார் என்றும் தாமே எடுத்துக் கூறுக. அவர் கேளாது விடினும் கூறுக.

பூக்காலத்தில் காலைப்பொழுதில் சன்னலை மூடி வைத்தலும், வெளியே சென்று வந்தவுடன் குளித்து ஆடை மாற்றுதலும், நோயாளி இருக்கும் அறையைப் பெருக்காது ஈரத்துணியால் துடைத்தலும் எளிய வழிகள். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவுக்கு அஞ்சி முகக்கவசம் அணிந்த காலத்தில் என் மாசித் தும்மல் பாதியாகக் குறைந்தது. அதுமுதல் ஆண்டுதோறும் இரண்டு மாதம் அணிகின்றேன். இன்று மலையேறுங்கால் அணிய மறந்தேன், விளைவைக் கண்டீர்கள்.

உப்புநீரால் நாசியைக் கழுவுதல் நம்மவர் ஜலநேதி என்று வழங்கிய பழைய முறையே. கால் லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பு போதும். நீர் மட்டும் கொதிக்கவைத்து ஆறியதாக இருத்தல் கட்டாயம். குழாய் நீரையும் கிணற்று நீரையும் அப்படியே மூக்கில் ஏற்றலாகாது; நாசிவழி புகுந்து மூளையைத் தாக்கும் அமீபாவால் 2024இல் கேரளத்தில் சிறார் இறந்த செய்தியை நீவிர் படித்திருப்பீர். நொச்சியிலை இட்டு வேது பிடித்தலைக் குறை கூறேன். சிறிது நேரம் இதமாக இருக்கும், நோயைத் தீர்க்காது. குழந்தைகட்கு வேண்டவே வேண்டா. கொதிநீர் கவிழ்ந்து வெந்த பிள்ளைகளைக் கண்டிருக்கின்றேன். மூக்குப்பொடியைப் பற்றி என் ஆசிரியர் காலத்தில் பேசியிருக்க வேண்டும். அவர் ஒரு சிட்டிகை ஏற்றினாலன்றி இலக்கணம் தொடங்கார். அடைப்பை நீக்கும் என்றே அவர் நம்பினார். அது புகையிலை, நீக்காது.

மருந்துகளில், உறக்கம் தரும் பழைய மாத்திரை வேறு, உறக்கம் குறைந்த புதிய மாத்திரை வேறு. செட்டிரிசின், லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின் முதலியன புதியவை. இவற்றுள்ளும் முதலது சிலர்க்கு உறக்கம் தரும். மாணாக்கர்க்கும், இருசக்கர வண்டியில் பணிக்குச் செல்வோர்க்கும், எந்திரத்தின் முன் நிற்போர்க்கும் இவ்வேறுபாடு சிறிதன்று. எது தக்கதென்று வைத்தியரைக் கேட்க. மூக்கடைப்பை நொடியில் திறக்கும் சொட்டுமருந்துகளை மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாளுக்கு மேல் இடலாகாது. அதன்பின் அம்மருந்தே அடைப்பை உண்டாக்கும். அடைப்புக்கு மீண்டும் அதனையே இட நேரும்.

நீடித்த தொல்லைக்கு வைத்தியர் பெரும்பாலும் தருவது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே. 'ஸ்டீராய்டு' என்ற பெயரைக் கேட்டே நம் தாய்மார் அஞ்சுகின்றனர். அச்சத்திற்குரியது, வைத்தியர் அறியாது மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை. ஸ்பிரேயில் செல்வதோ மிகச் சிற்றளவு. அதுவும் பெரும்பாலும் மூக்களவிலேயே நின்றுவிடும். ஆயின் அதனை நாள்தோறும் தவறாது அடித்தால்தான் பயன். முழுப்பயன் தெரியச் சில நாட்கள், சிலர்க்கு இரண்டு வாரங்கள் ஆகும். நம்மவரோ இரண்டு நாள் அடித்துவிட்டுப் 'பயனில்லை' என்று அலமாரியில் வைக்கின்றனர். அடிக்கும் முறையிலும் பிழை. தலையைச் சற்றுக் குனிந்து, வலக்கையால் இடநாசியிலும் இடக்கையால் வலநாசியிலும், நடுத்தண்டை நோக்காது வெளிப்புறமாக அடித்தல் வேண்டும். என் பருவம் எனக்குத் தெரியுமாதலின், வைத்தியர் சொற்படி தை நடுவிலேயே தொடங்கிவிடுகின்றேன்.

ஒவ்வாப் பொருளையே சிறிது சிறிதாக உடம்பிற் செலுத்திப் பழக்கும் முறையொன்றும் உண்டு. 1911இல் லெனார்டு நூன் என்பார் இலண்டனில் புல்லின் தாதைக்கொண்டு இதனைத் தொடங்கினார். மூன்று முதல் ஐந்தாண்டு வரை தொடர வேண்டிய சிகிச்சை. தேர்ந்த நிபுணரிடமன்றிச் செய்துகொள்ளலாகாது.

இறுதியாக, நம் சங்கத்தார் கூடியுள்ள இடத்தில் மட்டும் சொல்லத்தக்க ஒன்றைச் சொல்கின்றேன். சிலர்க்கு இது கசக்கும்.

அம்மாணாக்கனுக்கு இரைப்பு உண்டென்பது அவன் தாயார்க்கு முன்னரே தெரியும். வைத்தியர் ஒருவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தார். வாங்கியும் இருந்தார்கள். அஃது அரிசிப்பானையின் பின்னே கிடந்தது. அவன் தமக்கைக்கு அப்பொழுது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'வீட்டில் இழுப்புநோய் இருக்கிறது' என்ற பேச்சு எழுந்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்று மறைத்தார்கள். அவ்வம்மையாரைப் பழிப்பேனா? யார்க்கு அஞ்சி மறைத்தார்கள்? நமக்கு அஞ்சியே மறைத்தார்கள்.

நம் பகுதியில் பெண் பார்க்கச் செல்வோர் சாதகமும் நகையும் கேட்பதோடு, "பெண் நெஞ்சுச்சளிக்காரியோ?" என்று அக்கம்பக்கத்தில் உசாவுகின்றனர். அதன் பயன் யாது? நோய் உள்ளவள் நலமுற்று விடுகின்றாளா? புகுந்தவீட்டில் மாமியார் முன் இன்ஹேலரை எடுக்க அஞ்சிக் குளியலறையில் ஒளித்து இழுக்கின்றாள். கருவுற்ற காலத்தில், மருந்தை விடலாகாத அந்நாளில், ஒருவரிடமும் சொல்ல முடியாது நிறுத்திவிடுகின்றாள். அங்ஙனம் நிறுத்தி ஆறாம் மாதத்தில் மருத்துவமனையிற் கிடந்த பெண் ஒருத்தியை யான் அறிவேன். தாயும் சேயும் பிழைத்தது அவள் நல்லூழ். அவள் என் நெருங்கிய உறவினள். திருமணம் பேசி முடித்த பெரியோருள் யானும் ஒருவன்.

இந்நோய் குடும்பவழி வரும் இயல்புடையது என்பது மெய். ஆயினும் பெற்றோர்க்கு இருப்பின் பிள்ளைக்குக் கட்டாயம் வரும் என்பதில்லை. ஒருவர்க்கும் இல்லாத வீட்டிலும் வரும். மூக்குக்கண்ணாடி அணிவாரை நாம் விலக்குவதில்லை. இன்ஹேலர் இழுப்பாரை மட்டும் ஏன் விலக்க வேண்டும்? முறையாக மருந்து எடுப்போர் ஓடுவர், மலையேறுவர், பிள்ளை பெறுவர், தொழில் செய்வர். என் மகளுக்கும் பருவத் தும்மலும் சிறிது இரைப்பும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு பயில்கின்றாள். அவள் இன்ஹேலர் எங்கள் கூடத்து அலமாரியில், வந்தோரெல்லாம் காணும் இடத்தில் இருக்கின்றது. காலம் வரும்பொழுது அவள் வரலாற்றை யானே முதலில் சொல்வேன். கேட்டு எழுந்து போவோர் போகலாம்.

நம் மாணாக்கர் விடுதியின் பின்புறத்து மனையில் பார்த்தீனியம் முழங்காலளவு நிற்பதைக் காரியதரிசி அவர்கட்குக் காட்டினேன். பூக்குமுன் வேரோடு பறித்தல் வேண்டும். பூத்தபின் பறிப்பின் தாதையும் விதையையும் நாமே பரப்புவோம். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு இளைஞர்கள் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, முழுக்கைச் சட்டையோடு வருக. ஆறு மணிக்குள் மண்வெட்டிகள் விடுதித் திண்ணையில் இருக்கும். தும்மலும் தோல் அரிப்பும் உடையோர் அப்பக்கம் வரவே வேண்டா. என்னைப்போல் விடுதிச் சமையலறையில் இருந்து சுண்டலும் மோரும் ஆயத்தம் செய்யலாம்.